பீரோ சாவி

"சாவியைக் கொஞ்சம் குடும்மா" என்று அவள் கேட்டபோது நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சிந்துவது அப்படியே நின்றது.

"எந்தச் சாவி?"

"அத்தை பீரோ சாவி. காலையில நீதானே எடுத்து வச்சுக்கிட்ட."

"அம்மா இன்னும் வீட்டை விட்டே போகல, அண்ணி. அதுக்குள்ள பீரோவா?"

குரலைக் கொஞ்சமாவது தணித்தாளா மகராசி! கூடத்தில் அத்தையின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நகைக்கு அலைகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அத்தையின் தலைமாட்டுக்குப் பின்னால்தான் அந்த பீரோ. புடவைகளுக்கு அடியில் இவளுடைய ஊசி மருந்து இருந்தது. கரு தங்குவதற்காகத் தினமும் சாயங்காலம் போடுவது. ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தாள். கடையில் போய் நின்றால் நாளைக்கு வரவழைத்துத் தருகிறோம் என்பார்கள். வெளியே வெயில் இறங்கிவிட்டது.

ஏற்கெனவே மூன்று முறை கலைந்தாயிற்று. மூன்றாவது முறை கணவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து, "போதும், எனக்குக் குழந்தையே வேணாம். நீ இருந்தாப் போதும்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அதனால் மறுபடி நாள் தள்ளிப்போனதை அவள் மாமியாரிடம் மட்டும்தான் சொன்னாள். அத்தை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "மூணு மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் இவன்கிட்ட மூச்சு விடாத. தாங்க மாட்டான்" என்றாள். மருந்தைத் தன் பீரோவில் ஒளித்துவைத்து, மகன் வேலையிலிருந்து வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போடுவாள். "கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது, பாரு" என்பாள். பச்சைப் பொய். உயிர் போகும். ஆனாலும் அந்தக் கை இருந்தவரை தைரியமாக இருந்தது. இன்று காலை டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

இப்படிப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே அத்தை. மாமியார் செத்த அன்றைக்கு ஊசியை நினைத்து அழுகிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்றும் இருந்தது. இருந்தும், இதுவும் போய்விட்டால் அவளால் இனி எழுந்திருக்க முடியாது.

"நகை எதுவும் எனக்கு வேணாம்மா. நீயே திற. நான் தொடக்கூட மாட்டேன்."

"வண்டி இப்ப வந்துரும். எல்லாம் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்."

"என் மருந்து உள்ள இருக்கு!" என்று அவள் கத்திவிட்டாள். "நான் முழுகாம இருக்கேன். இன்னைக்கு ஊசி போடலன்னா இதுவும் போயிடும். சாவியைக் குடுடி!"

வாசலில் நின்றிருந்த கணவன் உள்ளே வந்தான். நாத்தனார் இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். அவளே பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்து அறைக்குப் போனதும் அவன் கதவைச் சாத்தினான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்கதான் போட்டுவிட்டாங்க."

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் மருந்தை ஊசியில் ஏற்றினாள். தானே போட்டுக்கொள்ளக் கையைப் பின்னால் வளைத்தாள். எட்டியது, குத்தத்தான் துணியவில்லை. ஊசியை அவனிடம் நீட்டினாள்.

"ஐயோ, எனக்கு வராது."

"நான் சொல்றேன். இங்க, மேல் பக்கமா. நேரா குத்துங்க. எண்ணெய் மருந்து, மெதுவாத்தான் இறங்கும். அவசரப்படாதீங்க."

அவன் குத்தினான். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவனுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. மருந்து முழுக்க இறங்கியது.

"தேய்ச்சு விடணும். இல்லன்னா கட்டிக்கும்."

வெளியே வண்டி வந்து நின்றது. பேச்சுக்குரல்கள் எழுந்தன. நாத்தனார் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, தூக்கப் போறாங்க. நீ இல்லாம எப்படி?"

"இரு, வரேன்" என்றான். மறுபடியும் தட்டினார்கள். அவன் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.