மொட்டைக்குக் காரணம்

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் பொன்னுச்சாமி, அவர் மனைவி நாகலெட்சுமி, மகன் தனுஷ்கோடி. தனுஷ்கோடி வேலை பார்க்கும் வாலிநோக்கத்து உப்பு ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்த மேனேஜர் சதக்கத்துல்லா, குடோன் பார்க்கும் கூத்தையா, ஆபீஸ் கூட்டும் ராக்கு. கூத்தையா கையில் ஒரு ரோஜா மாலை. அது பொன்னுச்சாமியின் படத்துக்குப் போட வந்த மாலை.

பொன்னுச்சாமி அப்போதுதான் கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்திருந்தார். வாசலில், "என்னப் பெத்த அய்யா, போயிட்டீகளே!" என்று ஒரு பெண் குரல் வீறிட்டது. யார் வீட்டு இழவு நம் வாசலில் வந்து அழுகிறது என்று கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார்.

ராக்கு நாகலெட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பொட்டழிஞ்சு நிக்கிறியே தாயி" என்று அழுதுகொண்டிருந்தாள். நாகலெட்சுமியின் நெற்றி நிறையக் குங்குமம் இருந்தது. ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு சோற்றுக் கையோடு நின்றவரைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றுபோனது.

"யாருக்கு அழுகுற?"

"ஒங்களுக்குத்தான்யா."

கூத்தையா மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சதக்கத்துல்லா கீழக்கரைக்காரர், மரியாதை தெரிந்தவர். அவர்தான் தட்டுத் தடுமாறிச் சொன்னார்: "அய்யா மன்னிக்கணும். தம்பி லீவு போட்டுட்டு மொட்டைத் தலையோட வந்தாப்ல. என்னன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டாப்ல. 'அய்யாவா?'ன்னேன். 'ம்'முன்னாப்ல. நேத்து தம்பி வீட்டுக்குக் கெளம்புன பொறகு ஆபீஸே எந்திரிச்சு நின்னு மௌன அஞ்சலி செலுத்துனோம்."

"மீசை இருக்கேன்னு நான் அன்னைக்கே சொன்னேன் சார்" என்றார் கூத்தையா. "இந்தக் காலத்துல யாரு மீசைய எடுக்குறாகன்னு நீங்கதான் வாய அடைச்சீக."

பொன்னுச்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதால் எரிச்சல் இரண்டு மடங்கானது. தனுஷ்கோடிக்கு முப்பத்திரண்டு வயதிலேயே முன்னந்தலை வழுக்கை. பெண் பார்க்கப் போன வீடுகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மெட்ராஸுக்குப் போய்த் தலையை மழித்து, பின்மண்டை முடியை வேரோடு எடுத்து முன்னால் நட்டுக்கொண்டு வந்தான். ஆபீஸில் சொல்லிவிடுகிறேன் என்றுதான் அவன் கேட்டான். "ஒருநா சிரிப்பாகய்யா, மறுநா மறந்துருவாக." பொன்னுச்சாமிதான் விடவில்லை. "நம்ம வீட்டு ஆம்பள மயிரு வச்சுக்கிட்டு வந்தான்னு உப்பளம் பூராச் சிரிக்கணுமா? எவன் கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று கண்டித்து அனுப்பினார்.

தனுஷ்கோடி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்து நின்றான்.

"ஏலே, என்னையக் கொன்னுட்டியேலே!"

"நீங்கதானய்யா வாயத் தொறக்காதன்னீக."

"தொறக்காதன்னேன். 'ம்'மு சொல்லச் சொன்னேனா?"

"வாயத் தொறக்காம அத ஒண்ணுதான்யா சொல்ல முடியும்."

கூத்தையா சிரிப்பை இருமலாக மாற்றினார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். தலையில் முடி நட்டது அவருக்குத் தெரியாது. ஏதோ மறைக்க வேண்டிய சங்கதி என்பது மட்டும் தெரிந்துவிட்டது. "நேர்த்திக்கடன்னு சொல்லிருவோம்யா. கொலசாமிக்கு முடி எறக்குனது. ஆபீஸுல நான் பேசிக்கிறேன்."

பொன்னுச்சாமிக்கு ஒரு கணம் ஆசை தட்டியது. ஆனால் அய்யனார் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம் அது. நேர்ந்து எடுக்காத முடியைச் சாமி கணக்கில் சேர்த்துவிட்டு, அடுத்த படையலுக்கு எந்த முகத்தோடு போய் முன்னால் நிற்பது? உயிரோடு இருக்கிறேன், போய்வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பலாம். அனுப்பினால், அப்பனைச் சாகடித்து லீவு வாங்கியவன் என்ற பேர் மகன்மேல் ஒட்டிக்கொள்ளும். வழுக்கைக்குப் பெண் கொடுப்பவன்கூட அந்தப் பேருக்குக் கொடுக்க மாட்டான்.

"இன்னும் என்னத்த மூடி மறைக்கிறது?" என்றாள் நாகலெட்சுமி. "என் நெத்தி வரைக்கும் வந்துருச்சு."

பொன்னுச்சாமியின் கையில் சோறு காய்ந்து இறுகியிருந்தது. இடது கையால் மகன் தலையிலிருந்த துண்டை உருவினார். முன்னந்தலை முழுக்கப் பொடிப்பொடியாய்ப் பொருக்கு.

"இதென்னய்யா, வயல்ல நாத்து நட்டது மாதிரி!" என்றாள் ராக்கு.

சதக்கத்துல்லா அவளை அதட்டப் போனார். பொன்னுச்சாமி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, பஞ்சாயத்தில் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஆபீஸுல இப்படியே சொல்லுங்க. பொன்னுச்சாமி சாகல. சாமிக்கு முடி எறக்கவும் இல்ல. மகன் வழுக்கைக்கு மெட்ராஸுல முடி நட்டுட்டு வந்துருக்கான். அவன் சொல்லத்தான் நெனச்சான், நான்தான் வேணாம்னேன்."