கழுத்துக்காரியும் கால்காரியும்

அருங்காட்சியகப் பட்டறையில் அக்காவும் தங்கையும் சேர்ந்து நீண்ட கழுத்து டைனோசர் ஒன்றை முழு அளவில் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவுக்குக் காலும் வயிறும் வாலும். தங்கைக்குக் கழுத்தும் தலையும். யார் வேலை எடுபடுகிறதோ அவர்தான் அடுத்த கூடத்துக்குத் தலைமைச் சிற்பி என்று நிர்வாகி சொல்லிவிட்டார்.

அங்கேதான் பிடித்தது வயிற்றெரிச்சல். தூண் மாதிரி நாலு கால், முன்காலில் கட்டைவிரலுக்கு மட்டும் ஒரே நகம், பின்காலில் மும்மூன்று, தரையில் படாமல் நீளும் வால் என்று அக்கா ஆறு மாதம் முதுகொடிய உழைத்தாள். எவனாவது பார்த்தானா? பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே நுழைந்ததுமே அண்ணாந்து, "அடேயப்பா, என்ன கழுத்து!" என்று வாயைப் பிளந்தார்கள். அந்தக் கழுத்தைத் தாங்குவது யார் செய்த காலாம்?

ஒருத்தி வேலையை மற்றவள் பார்த்துச் சாக்பீஸால் டிக் போட்ட பிறகே பெயிண்ட் அடிப்பது அவர்கள் வழக்கம். ஏணியில் ஏறி வாய்க்குள் எட்டிப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விலங்கு மென்று தின்றதே இல்லை. முன்பல்லால் இலையை உருவி அப்படியே விழுங்கும். தங்கையோ மாட்டுக்கு வைப்பதுபோல் கடைவாய்ப்பல் வைத்திருந்தாள்! 'நல்லா படட்டும்' என்று கறுவிக்கொண்டே அக்கா டிக் போட்டாள்.

மறுவாரம் நிர்வாகியோடு வேலையைச் சரிபார்க்க வந்த டைனோசர் ஆய்வாளர் ஏணியில் ஏறிய வேகத்தில் கத்தினார். "என்னம்மா இது, கடைவாய்ப்பல்லா? யாரு இதைப் பார்த்து டிக் போட்டது?"

அக்காவுக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அக்கா மேல தப்பில்ல சார். வெளிச்சம் போதல, நான்தான் அவசரப்படுத்தினேன். நானே மாத்திடறேன். அவ செஞ்ச காலைப் பாருங்க, ஒரு குறை சொல்ல முடியுமா?"

"சரி, அப்போ புதுக் கூடத்துப் பொறுப்பு அக்காவுக்குத்தான்" என்றார் நிர்வாகி. சொன்னவர் தங்கையைப் பார்த்து உருகினார். "ஆனா உன் பெரிய மனசு யாருக்கும்மா வரும்!"

அடிப்பாவி, தோற்றாலும் இவளுக்கே பாராட்டா? கேட்டது கைக்கு வந்தும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

"போதும்டி உன் பெரிய மனசு! வெளிச்சமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பல்லைப் பார்த்தேன். தெரிஞ்சேதான் டிக் போட்டேன்!"

தங்கையின் முகம் வெளுத்துப்போனது. "ஏன்க்கா?"

"பொறாமைடி! வேற என்ன?"

ஆய்வாளர் மெதுவாக ஏணியிலிருந்து இறங்கினார். நிர்வாகி அக்கா இருந்த பக்கமே திரும்பாமல் தங்கையிடம் கேட்டார்.

"பல்லை மாத்த எத்தனை நாள் ஆகும்மா? அதை முடிச்சதும் புதுக் கூடத்தை நீயே எடுத்துக்க."