புல்தரைக்கு ஒரு வண்டி

வாசலில் முளைத்திருப்பது புல்லா புதரா என்று முப்பது வருடம் திரும்பிப் பார்க்காத மனிதர், திடீரென்று ஒருநாள் விட்டு ஒருநாள் புல்வெட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? செக்கிங் அக்காவுக்கு வந்தது. தையல் ஆலையில் தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தப் பெயரும் அங்கே வந்ததுதான். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணை மட்டும் கழற்றி வைத்துவிட முடியுமா என்ன?

கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறக் காலம் இருக்கும்போதே போன வருடம் ஒருநாள் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "போதும்" என்றார். ஏன் என்று கேட்டாள். "போதும்னா போதும்தான்" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே கோணலாகத்தான் போனது. மாடி அறையில் படுத்தவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே கூடத்துக்கு வந்துவிட்டார். கேட்டால், மாடியில் புழுக்கமாம். அது அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. ஆலையில் கூடுதல் நேரம் உட்கார்ந்து சேர்த்த காசு அதன் சுவரில் இருக்கிறது. மேற்கே பார்த்த பெரிய ஜன்னல், எந்நேரமும் காற்று. அங்கே புழுக்கம் என்று சொல்ல வாய் கூசவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. என் பக்கத்தில் படுக்கவே பிடிக்காமல் போய்விட்டதா இந்த மனிதருக்கு?

அடுத்தது கடைக்கு வருவது. மளிகைப் பை என்றாலே காத தூரம் ஓடுகிறவர், இப்போது வாராவாரம் கூடவே வந்து தள்ளுவண்டியை அவரே பிடுங்கிக்கொண்டார். முதல் தடவை பார்த்தபோது, இன்றைக்கு மழை கொட்டப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். கொட்டவில்லை.

இதெல்லாம் கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். போன வாரம் குளியலறையிலிருந்து வரும்போது கூடத்தில் அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது. எதிர்முனையில் கொழுந்தன், அவருடைய தம்பி. அவனுக்கு வீடு, மனை கைமாற்றிவிடுவதுதான் தொழில்.

"அண்ணிக்கு இப்பத் தெரிய வேண்டாம்டா. வாங்க ஆள் வரட்டும். அப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அவள் ஈரத் தலையோடு, கேட்காதது போல அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் வாயால் வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் ஆலையில் மனது தாங்காமல் பக்கத்து மேஜைக்காரியிடம் கொட்டினாள். அவள் ஊர் விவகாரம் எல்லாவற்றுக்கும் கையில் விடை வைத்திருப்பவள். சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"இதுகூடவா புரியலை அக்கா? வீட்டை விக்கப் போறவங்க முதல்ல வாசலைத்தான் அழகு பண்ணுவாங்க. வர்றவன் கண்ணு முதல்ல புல்லு மேலதான் விழும். எங்க தெருவுலயும் அப்படித்தான். புல்லு பச்சையாச்சு, அடுத்த மாசம் வேற குடும்பம் வந்து இறங்கிச்சு."

அன்று செக்கிங் அக்கா குறையுள்ள ஒரு சட்டையை நல்ல சட்டைகளின் கட்டோடு சேர்த்துவிட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடக்காத காரியம் அது.

அவர் அழகு பண்ணிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மொட்டை அடித்த தலையையே மறுபடி மறுபடி சிரைப்பது போல வெட்டித் தள்ளியதில் புல் வெளுத்து, பாதி மஞ்சளாகி நின்றது. இந்த லட்சணத்துக்கு எவன் வாங்க வருவான் என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்:

"புல்லுக்குச் சத்து பத்தலை. உரம் போடணும். கையால வீசினா ஒரு இடம் கருகும், ஒரு இடம் காயும். உரம் தூவுற வண்டி ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

"நானும் வர்றேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்?"

அந்தக் கேள்வி போதும். புடவையை மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

பஸ்ஸில் அவர் ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கி நடக்கும்போது நடுப்பாதையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல மதில் சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டே பின்தங்கி வந்தார். திருட்டுத்தனமாகத் தம்பிக்குப் போன் பேசத்தான் பின்தங்குகிறார் என்று அவள் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தாள். போனைக் காணோம்.

தோட்டச் சாமான் கடையில் ஈர மண்ணும் மருந்தும் கலந்த வாடை. கடைக்காரர் ஒல்லியாக, பேசுவதற்கென்றே பிறந்தவர் போல இருந்தார்.

"லான் எவ்வளவு பெருசு சார்?"

"ரெண்டு பஸ் நிறுத்தலாம்" என்றார் கணவர்.

"அவ்வளவுதானே? அப்ப இது போதும்." கடைக்காரர் ஒரு சின்ன வாளி மாதிரியான சாமானைத் தோளில் மாட்டிக் காட்டினார். "உரத்தை இதுல போட்டுட்டு, இந்தக் கைப்பிடியைச் சுத்திக்கிட்டே நடக்க வேண்டியதுதான். விலையும் கம்மி. கழுவி ஆணியில மாட்டிட்டா இடமும் அடைக்காது."

செக்கிங் அக்கா உஷாரானாள். வீட்டை விற்கிறவன் இதைத்தான் வாங்குவான். ஒரு தடவை தூவினால் போதுமே, அப்புறம் எவன் வீடோ. சரி என்று சொல்லட்டும், இங்கேயே வைத்துக் கேட்டுவிடுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"இது வேண்டாம்" என்றார் அவர். "வெறுங்கையோட நடக்கிற மாதிரி இருக்கும். சக்கரம் வேணும்."

இதென்ன பேச்சு என்று கடைக்காரரே விழித்தார். பிறகு ஒரு நீளப் பெட்டி வண்டியை உருட்டி வந்தார். "இது நேரா கீழதான் கொட்டும் சார். பூச்செடிப் பக்கம் ஒரு மணிகூடத் தெறிக்காது. ஒரே விஷயம், வரிசை விட்டுப்போகாம ஓட்டணும். இல்லேன்னா புல்லுல கோடு கோடா தெரியும்."

"வரிசை எல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று அவர் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தவர், உரம் விழும் துளையைப் பார்க்கவில்லை, அளவு வைக்கும் முள்ளைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஊன்றி உடம்பின் பாரத்தை எல்லாம் கைப்பிடி மேல் போட்டார். பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கி வண்டி குடை சாய்ந்தது. விழப் போனவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"சாயுது. அதோ, அந்தப் பெரிய வண்டி?"

மூலையில் நின்றது பெரிய புனல் வைத்த வண்டி. காற்றடித்த தடித்த டயர், இரும்புச் சட்டம், அடியில் உரத்தைச் சுழற்றி வீசும் தட்டு. கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அது பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்குறது சார். பத்தடி சுத்தி வீசும். உங்க இடத்துல ஓட்டினா, பக்கத்து வீட்டுக்காரர் புல்லுக்கும் சேர்த்து நீங்களே சோறு போடுற மாதிரி."

அவர் காதில் வாங்கவில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கைப்பிடி மேல் சாய்ந்தார். வண்டி அசையவில்லை. அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு நிம்மதி வந்தது. "இதுதான்" என்றார்.

செக்கிங் அக்காவுக்குக் கணக்கு உதைத்தது. விற்கப்போகிற வீட்டுக்கு ஆயுசுக்கும் உழைக்கிற வண்டி எதற்கு? கடைக்காரரும் இவரும் கூட்டோ என்றால், அந்த மனிதர் பெரியதை வாங்காதே என்றல்லவா தலைபாடாக அடித்துக்கொள்கிறார்?

"புல்லை எத்தனை நாளைக்கு ஒருக்கா வெட்டுறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"அய்யய்யோ! பின்ன மஞ்சளாகாம என்ன செய்யும்? உரமும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். கொஞ்ச நாள் வெட்டாம விடுங்க சார், தானாப் பச்சையாகும்."

வந்த வியாபாரத்தை வேண்டாம் என்கிற கடைக்காரரை அவள் அன்றுதான் பார்த்தாள். ஆனால் அவள் கண் கணவர் முகத்தில் நின்றது. சும்மா இருந்தால் போதும் என்று சொன்னதற்கு, ஒரு மனிதர் இப்படி வெளிறிப் போவானேன்?

"வெட்டாம எப்படி இருக்கிறது?" என்றார்.

அவள் கடையின் மறுகோடிக்கு நடந்தாள். அங்கே உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. போகிற வழியின் நடுவில் மண் தொட்டிகளை இறக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் தாராளமாகத் தாண்டி வரலாம், வண்டி நுழையாது.

"என்னங்க, இங்க வாங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க. எனக்கு எழுத்து தெரியலை."

சட்டைக்குள் இருக்கும் நூல் முடிச்சைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவளுக்கு மூட்டையில் கொட்டை எழுத்து தெரியவில்லையாம். வேறு நாளாக இருந்தால் அவர் கேலி பண்ணியிருப்பார். இன்று தொட்டிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு காலி வண்டியைத் திருப்பி, கடையை ஒரு சுற்றுச் சுற்றி, அலமாரிகளுக்குப் பின்னால் போய் வேறு வழியாக வந்தார். நாலு எட்டில் வர வேண்டியவர், வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். வந்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தையல் எங்கே விட்டது என்று தெரியும். அவளுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் திரும்பிக்கொண்டது. புல்வெட்டும் வண்டி, மளிகைக் கடைத் தள்ளுவண்டி, மதில் சுவர். மாடிப்படி.

"கைய விடுங்க பார்ப்போம்" என்றாள்.

"எதுக்கு?"

"விடுங்க."

அவர் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். கடைக்காரர் விவரம் தெரிந்தவர். எங்கோ பெட்டி பிரிக்க வேலை இருப்பது போல நகர்ந்துவிட்டார்.

"பாதம் மரத்துப் போச்சு" என்றார் அவர். "தரையில ஊன்றியிருக்கா இல்லையான்னே தெரியலை. எதையாவது பிடிச்சுக்கிட்டா நடந்துடறேன். டாக்டர் கோல் வாங்கச் சொன்னார். கோலைப் பிடிச்சுக்கிட்டு எப்படி வாசல்ல நிக்கிறது? வண்டியைத் தள்ளினா வேலை செய்யற மாதிரி இருக்கும்ல."

"எப்பலேர்ந்து?"

"வேலையை விட்டேனே, அப்பலேர்ந்து. ஒருநாள் பிரேக் மேல கால் இருக்குன்னு நினைச்சேன். இல்லை. பஸ் நிறைய ஜனம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா மறுநாள் என்னால ஏற முடியலை."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் கோபத்தை விட்டாள்.

"அப்ப தம்பிகூடப் பேசினது? எனக்குத் தெரிய வேண்டாம்னது? வீட்டை விக்கிறதுதானே?"

"அது உண்மைதான்" என்றார். மறுக்கவே இல்லை. "படி ஏற முடியலை. வாசல்லயும் ஏழெட்டுப் படி இருக்கு. படிக்கட்டே இல்லாத சின்ன வீடா ஒண்ணு பார்க்கச் சொன்னேன். ஆனா அந்த மாடி ரூமை நீ எப்படிக் கட்டினேன்னு எனக்குத் தெரியுமே. உன்கிட்ட எந்த வாயால கேக்கிறது? ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு..."

"என் வீட்டை விக்கிறதுன்னா என்கிட்டக் கேட்டுத்தான் விக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. உர மூட்டைகளுக்கு நடுவில், ஒரு காலி வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பெண் கேட்க வந்தவரைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"வித்துடலாமா?"

மேற்கு ஜன்னலும் அதன் காற்றும் அவள் கண்ணுக்குள் வந்து போயின. அந்த அறையை அவள் எவ்வளவு ஆசையாகக் கட்டினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள்.

"வித்துடலாம்" என்றாள். "இந்த வண்டியை முதல்ல விடுங்க. என்னைப் பிடிச்சுக்கோங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

ஒரு கையை எடுத்தார். அவள் முழங்கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுகையையும் எடுத்தார்.