பொட்டு வைத்த ஓவன்

கேக் வெந்துவிட்டது. நன்றாகவே வெந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பதைப்பை நீங்களும் எதற்குப் பட வேண்டும்? நிம்மதியாகப் படியுங்கள். சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். என் மனைவியைப் பார்த்துச் சிரித்தால் எங்கள் அக்கா பல்லடத்திலிருந்து பஸ் ஏறிச் சண்டைக்கு வந்துவிடுவாள்.

நான் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பம்ப் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. எந்த ரேக்கில் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் கம்பெனியில் எனக்கென்று ஒரு மரியாதை உண்டு. புது லேத்தோ டிரில்லிங் மெஷினோ வந்து இறங்கினால், கரண்டு கொடுப்பதற்கு முன்னால் சந்தனமும் குங்குமமும் வைப்பது நான்தான். ஆயுத பூசை அன்றைக்கு மொத்த ஒர்க்‌ஷாப்புக்கும் என் விரல்தான். "அன்புமணி பொட்டு வெச்ச மெஷினு மக்கர் பண்ணுனதே இல்லீங்க" என்று ஃபோர்மேன் ஒருமுறை முதலாளியிடம் சொன்னார். கிண்டலுக்குச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நம்பிவிட்டேன்.

என் மனைவி மதிவதனிக்கு சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் செய்ததில் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். போன வருடம் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் அவள் வேலையும் போனது. அதற்குப் பிறகு, எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லும் ஒருத்தி எங்கள் வீட்டில் நடமாட ஆரம்பித்தாள். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட என்னைக் கேட்டாள். என்னை! வேறு கணவன்மார்களுக்கு இது பொன்னான காலமாகத் தெரியலாம். எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் போடாத மிக்ஸி மாதிரி. சத்தம் இல்லையென்றால் ஓடவில்லை என்று அர்த்தம்.

பொழுது போகாமல் கேக் செய்யப் பழகினாள். வீட்டிலிருந்த குட்டி ஓவனில் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். எதிர் ஃபிளாட் கோமளாம்மா ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "எங்க சாய்ப்ரியா நிச்சயத்துக்கு நீதான் மதி கேக்குப் பண்ணித் தரோணும்" என்று சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு நிச்சயம். இரண்டு அடுக்கு கேக். முதல் ஆர்டர். அன்றைக்கு மதிவதனி பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தாள். கிட்டப் போய்க் கேட்டேன், பாட்டு. குட்டி ஓவனில் இரண்டு அடுக்கு நுழையாது என்று அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விட்டோம்.

வாங்கியது குக்கிங் ரேஞ்ச். மேலே நாலு பர்னர், கீழே பெரிய ஓவன். ஓவனுக்கு அடியில் கேஸ் தீ. மேல்பக்கம் கரண்டில் சிவக்கும் கம்பி. உள்ளே ஒரு விளக்கு. கடையிலிருந்து மாட்டிக்கொடுக்க வந்த தனபால் சனிக்கிழமை பவர் பிளக்கைச் சொருகி, டியூபை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, ஐந்து இடத்திலும் தீ மூட்டி எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"குமிழை அழுத்தித் திருப்புங்க. தீ பிடிச்சதும் சித்த நேரம் அழுத்தியே வெச்சிருந்து விடுங்க. காத்துலயோ பால் பொங்கியோ தீ அணைஞ்சா கேஸ் தன்னால நின்னுக்குமுங்க. அதுக்குத்தான் இதுல…" என்று அவர் எதையோ சுட்டிக் காட்டினார். நான் விவரம் தெரிந்தவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தலையாட்டும்போது எனக்குக் காது கேட்காது.

மறுநாள் காலை மதிவதனி குளிக்கப் போனதும் என் வேலையை ஆரம்பித்தேன். அவளுடைய முதல் மெஷின், பொட்டில்லாமல் ஓடலாமா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். முகப்பில் மூன்று, குமிழ்களுக்கு ஒவ்வொன்று. அப்புறம் பார்த்தால், ஒவ்வொரு பர்னர் ஓரமும் இரண்டு சின்னக் குச்சிகள் நின்றன. ஒன்று வெள்ளைப் பீங்கான். அதில் சந்தனம் எடுபடாது. இன்னொன்று உலோகம். விரல்நுனி உயரத்தில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பொட்டு வைக்கவே செய்த மாதிரி இருந்தது. சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். ஓவனுக்குள்ளும் அப்படி ஒரு குச்சி இருந்தது. கை போகவில்லை. விட்டேனா? காது குடையும் பட்ஸின் நுனியில் சந்தனத்தை எடுத்து, டார்ச் அடித்து வைத்தேன். ஓரத்துச் சின்ன பர்னரில் மட்டும் பால் காய்ச்சப் பித்தளைச் சொம்பு ஏற்கனவே ஏறியிருந்தது. அதை நகர்த்தாமல் சொம்புக்கே வைத்துவிட்டேன்.

அக்கா ராசாத்தாள் பல்லடத்திலிருந்து தன் பண்ணை முட்டைகளை அட்டையோடு தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "அம்மணி, மொதல்ல பாலு பொங்கட்டும். அப்பறம் உன்ற கேக்கு" என்றாள். பால் பொங்கி வழிந்தது. மூவரும் கும்பிட்டோம். எல்லாம் சுபம்.

மதிவதனி மாவைக் கலக்கிக்கொண்டே, "ஏனுங்க, ஓவனப் பத்த வெச்சு விடுங்க, சூடாகட்டும்" என்றாள். அழுத்தித் திருப்பினேன். டக் டக்கென்று பொறி விழுந்தது, உள்ளே நீலமாகத் தீ படர்ந்தது. குமிழை விட்டேன். அணைந்தது.

மறுபடி. எரிந்தது, விட்டேன், அணைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன். விரல் வெள்ளையாகிவிட்டது. விட்டதும் அணைந்தது.

"என்றா தம்பி, சிலிண்டரு தீந்துபோச்சாட்டம் இருக்குது" என்றாள் அக்கா.

மாற்றுச் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினேன். அணைந்தது. ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். அணைந்தது. மேல் பர்னர்களைப் பார்த்தேன். மூன்றும் அதே கதை. கையை எடுத்தால் அணைகிறது. பால் காய்ச்சிய சின்ன பர்னர் மட்டும் எங்களைப் பார்த்துச் சிரிப்பது போல எரிந்தது. கரண்டில் கோளாறா என்று பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். ஓவன் விளக்கு பளிச்சென்று எரிந்து, அணைந்துபோன ஓவனை நன்றாகக் காட்டியது. கடைக்கு போன் அடித்தேன். ஞாயிறு விடுமுறை. தனபால் ஏதோ கோயிலில் கிடாவெட்டில் இருந்தார். பேசியது எதுவும் கேட்கவில்லை, உருமி மேளம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மேல கரண்டுக் கம்பி செவக்குதல்ல, அதுலயே சுட்டுப்போடலாமா கண்ணு?" என்றாள் அக்கா.

"மேல கருகிரும் அண்ணி. உள்ள மாவு மாவாவே கெடக்கும்" என்றாள் மதிவதனி. குரல் இறங்கிவிட்டது. "மாவு கலக்கியாச்சு. எச்சா நேரம் வெச்சா எந்திரிக்காது."

அந்த நேரம் பார்த்துக் கோமளாம்மா பட்டுப்புடவையில் எட்டிப் பார்த்தார். "மதி, மாப்ள வீட்டாளுக ஊர்ல இருந்து கெளம்பிட்டாங்களாமா. கேக்கு எப்புடிப் போகுது?"

"ஜோராப் போகுதுங்க" என்றேன் நான். எங்கே போகிறது என்று சொல்லவில்லை.

அவர் போனதும் அக்காவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தேன். "காந்திபுரத்துல பேக்கரில ஒண்ணு வாங்கியாந்துறேன்க்கா. டப்பாவ மாத்திப்போட்டா யாருக்குத் தெரியப் போகுது? பாவம், அவ மொதல் தடவையே இப்புடியாயிட்டா…"

அக்காவின் பார்வை என் தோளுக்குப் பின்னால் போனது. திரும்பினேன். மதிவதனி கையில் மாவுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப என்னால ஆகாதுன்னு நீங்களும் முடிவு பண்ணியாச்சுங்களா?"

"நீங்களும்" என்ற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், கம்பெனிக்கு அடுத்து நான். அவள் உள்ளே போய் ஓவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அழுகாத கண்ணு. கெரகத்த விடு" என்றாள் அக்கா, கூடவே உட்கார்ந்து.

"அழுகலீங்க அண்ணி. யோசிக்கறேன்." நிமிராமலே என்னைக் கேட்டாள். "நேத்து அஞ்சும் எரிஞ்சுதுங்கல்ல?"

"எரிஞ்சுது."

"இன்னைக்கு ஒண்ணு எரியுது, நாலு எரியல. சிலிண்டரு ஒண்ணுதான், டியூபு ஒண்ணுதான். அப்ப கோளாறு அங்க இல்ல." எழுந்து நின்றாள். "எரியறதுக்கும் எரியாததுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! என் சட்டைப் பித்தான் தப்பாகப் போட்டிருப்பதை, ஹோட்டல் பில்லில் கூட்டல் பிசகை, என் மாமா சொன்ன கதையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்த குரல். எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

சின்ன பர்னர்மீது குனிந்தாள். பக்கத்துப் பர்னர்மீது குனிந்தாள். மறுபடி சின்னது. மறுபடி பக்கத்தது. பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை அல்ல, வலது கையின் மோதிர விரலை. அதில் சந்தனம் இன்னும் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

"இந்தக் குச்சிலயெல்லாம் என்னங்க அது?"

"பொட்டு" என்றேன்.

"இதுல ஏன் வெக்கல?"

"சொம்பு இருந்துது. அதனால சொம்புக்கு வெச்சேன்."

அக்கா தலையில் கை வைத்தாள். "அட ஏன்டா… அடுப்புக்குக் கண்ணே அதுதானாட்டம் இருக்குது. கண்ண மூடிச் சந்தனம் அப்பியிருக்கறயே!"

"சூடு படுதான்னு பாக்கற குச்சிங்க இது" என்றாள் மதிவதனி. "அதைத்தான் தனபாலண்ணன் நேத்துச் சொல்லிட்டு இருந்தாரு. தீ இருக்குதுன்னு இதுக்குத் தெரிஞ்சாத்தான் கேஸை உடும். நீங்க கம்பளி போத்தி உட்டுருக்கறீங்க."

பழைய டூத் பிரஷ், ஈரத்துணி. ரெகுலேட்டரை மூடிவிட்டு, மூன்று குச்சிகளையும் அவளே தேய்த்தாள். ஓவனுக்குள் இருந்ததை மட்டும் என்னிடம் விட்டாள். வைத்தவன்தான் எடுக்க வேண்டுமாம். தலையை ஓவனுக்குள் விட்டுக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்வி, பட்ஸால் சுரண்டினேன். "அப்புடியே உள்ளயே இருடா, கதவச் சாத்திப்போடறேன்" என்றாள் அக்கா.

துடைத்துக் காயவிட்டு, குமிழை அழுத்தித் திருப்பினேன். நீலத் தீ படர்ந்தது. நான் விடவில்லை. விட்டால் அணைந்துவிடுமோ என்று அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மரத்தது. நெற்றியில் வேர்த்தது.

"ஏனுங்க" என்றாள் மதிவதனி. "கைய எடுங்க. அது எரியும்."

எடுத்தேன்.

எரிந்தது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காதான் முதலில் மூச்சு விட்டாள். அடுத்த ஃபிளாட்டுக்குக் கேட்டிருக்கும். நான் அடுப்பு மேடையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஒரு சிலிண்டரை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

கலக்கி வைத்த மாவு கொஞ்சம் சோர்ந்துதான் இருந்தது. மதிவதனி அதை யோசிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அக்காவின் முட்டைகளை உடைத்துப் புதிதாகக் கலக்கினாள். (அந்தப் பழைய மாவைப் பணியாரச் சட்டியில் ஊற்றி அக்காவும் நானும் தின்று தீர்த்தோம். அருமையாக இருந்தது.) ஓவன் விளக்கு வெளிச்சத்தில் கேக் எழும்புவதை, அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து சீரியல் பார்ப்பது போலப் பார்த்தாள். "எந்திரிக்குது பாரு, எந்திரிக்குது பாரு" என்று ஒவ்வொரு விரற்கடைக்கும் செய்தி வாசித்தாள்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் நிற்கும்போது கேக்கும் தயார். கோமளாம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மதிவதனியின் கன்னத்தைக் கிள்ளினார். நிச்சயத்தில் மாப்பிள்ளையின் சித்தி தேடி வந்து நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் நான் வைத்து, அவள் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்ட அதே சாம்பார்தான். அவள் கேக்கிலேயே நின்றிருந்ததால் சுடவைத்துப் பரிமாறினேன். ஒரு வாய் எடுத்து வைத்தவள் நிறுத்தினாள்.

"ஏனுங்க, சாம்பார்ல உப்பு எச்சு. பருப்பும் வேகல. கத்திரிக்காய இவ்வளவு பெருசாவா அரிவீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அப்படி ஒரு ருசியான சாம்பாரை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.