நனையாமல் வந்தவர்

அந்த வருடத்தின் முதல் பெருமழையில் லாரிக்காரர் குடையில்லாமல் நடந்து, ஒரு சொட்டுகூட நனையாமல் வீடு வந்து சேர்ந்தார். தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. அவர் செருப்பில் காலையில் ஒட்டிய தூசு அப்படியே இருந்தது. முன்னறையில் சலவைக்கடை நடத்தும் அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஊரார் அழுக்கை முகர்ந்தே ஆளைச் சொல்லக்கூடியவள் அவள்.

“எந்த வீட்ல ஒதுங்கிட்டு வர்றீங்க?”

“எங்கயும் ஒதுங்கலம்மா. மழைதான் ஒதுங்கிப் போச்சு.”

“ஓ, மழைக்கு உங்ககிட்ட அவ்ளோ மரியாதை!”

சட்டையைக் கழற்றச் சொல்லி முகர்ந்தாள். பூ வாசனையில்லை, பவுடர் வாசனையில்லை; அழுகிய முட்டை போன்ற பழைய வாடை. சாயப்பட்டறைக் கழிவை அவர் டேங்கர் லாரியில் ஏற்றிப்போன காலத்து வாடை அது. மகளின் கைகளில் சிவப்புத் தடிப்பு படரத் தொடங்கியபோது அவள் சோப்புக்காரனைச் சந்தேகப்பட்டாள், பள்ளிக்கூடத்துப் பெஞ்சைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் குழாய்த் தண்ணீரின் மேல் சந்தேகம் வந்ததும், அந்த வேலையையே கை கழுவிவிட்டதாக அவர் சத்தியம் செய்திருந்தார். இப்போது செங்கல் ஏற்றுகிறாராம். செங்கல் ஏற்றுகிறவரை முதலாளி மழை வந்தால் மட்டும் ஏன் அவசரமாகக் கூப்பிடுகிறார் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

அவரை முற்றத்துக்கு இழுத்துப்போய் நிறுத்தினாள். மழை அவரைச் சுற்றி வளைந்து விழுந்தது. சொம்பில் மொண்டு கையில் ஊற்றினாள். தண்ணீர் விரலுக்கு ஒரு நூல் தள்ளியே வழுக்கி ஓடியது.

“கை கழுவிட்டேன்னீங்களே, எந்தத் தண்ணியில கழுவுனீங்க?”

அவர் தலை கவிழ்ந்தது. மழையோடு மழையாகப் போய்விடும் என்று, நீரேற்று நிலையத்துக்கு மேலே ஓடையில் டேங்கர் வால்வைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். “நம்ம வீட்டுக் குழாய்க்கும் அந்தத் தண்ணிதாங்கிறது நெனப்புல வரலம்மா.”

“அடுத்த வீட்டுக் குழாய்க்கு மட்டும்தான் போவேன்னு தண்ணி உங்ககிட்ட வந்து சொல்லிச்சா?”

மறுநாள் அவரைக் கூட்டிப்போய் லாரிச் சாவியை முதலாளி மேசையில் தன் கையாலேயே போட்டாள்.

நனையாதவர் அவர் மட்டுமில்லை என்பது அடுத்தடுத்த மழைகளில் தெரிந்தது. பட்டறை முதலாளி குடையைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை; சோதனைக்கு வரும் அதிகாரியோ தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, நனைந்தவர் போலக் காரிலிருந்து இறங்கினார். குடை பிடித்தவரையெல்லாம் ஊர் ஒரு மாதிரி பார்த்தது. அதனால் யோக்கியர்கள் குடையை வீட்டில் போட்டுவிட்டுத் தும்மிக்கொண்டு திரிந்தார்கள். தும்முகிற மாப்பிள்ளைக்குத்தான் நம்பிப் பெண் கொடுத்தார்கள். ஓடையில் கழிவு விழுவது குறைந்தது. நின்றுவிட்டதென்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் மகளின் தடிப்பு ஆறியது.

சலவைக்காரி கணவரைச் சும்மா விடவில்லை. மழை நாளில் இஸ்திரி போட்ட துணிகளை அவர் மார்போடு அணைத்துக் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தார். ஒரு மடிப்புகூட ஈரமாகாது. மற்ற கடைகள் ஈயோட்டின. வியாபாரம் பெருகப் பெருக, இவர் இன்னும் நனையவில்லையே என்று அவள் ஒவ்வொரு மழைக்கும் அவர் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் வருட மழையில் தையற்காரர் சண்டைக்கு வந்தார். “என்னம்மா இது, சட்டையெல்லாம் ஈரம்! உங்க வீட்டுக்காரர நம்பித்தானே மழையில துணி போட்டேன்?”

அவள் உள்ளே போய்க் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது. சொம்பை எடுத்து வலக்கையில் ஊற்றினாள். நான்கு விரல்கள் நனைந்தன. வால்வைத் திருகிய கட்டைவிரல் மட்டும் காய்ந்தே இருந்தது.

“இன்னும் எதை மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

அவள் துண்டை நீட்டினாள். தையற்காரரின் சட்டையை வாங்கி, மறுபடி இஸ்திரிப் பலகையில் விரித்தாள். கட்டைவிரலை அடுத்த மழைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.