பதினாறு ஜிபி ஆசை

அரைப் புள்ளி போதும். அது கிடைக்காவிட்டால் அவளுடைய செஸ் புரோகிராம் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடும். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை போக மிச்ச நேரத்தில், ஆறு வருடம் அவள் வரிவரியாக எழுதியது. இன்று கம்ப்யூட்டர் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. எதிரே ஒரு பேராசிரியர். அவருடைய கம்ப்யூட்டர் ஓர் அலமாரி உயரம்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பி நேற்றுதான் அவளுடைய பழைய பெட்டியில் மெமரியைப் பதினாறு ஜிபியாக ஏற்றிக் கொடுத்திருந்தான். ஒருமுறை கணக்கிட்ட நிலையை புரோகிராம் ஓர் அட்டவணையில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி அதே நிலை வந்தால் கணக்கிடாமல் எடுத்துக்கொள்ளும். அட்டவணை பெரிதானால் பலம் கூடும். அவள் ஆசையை அடக்க முடியாமல் பதினாறையும் அதற்கே கொடுத்துவிட்டாள்.

முதல் இருபது நகர்த்தல்கள் பறந்தன. அட்டவணை நிரம்ப நிரம்ப வேகம் சரிந்தது. விநாடிக்கு இருபது லட்சம் நிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது, தொண்ணூறாயிரத்துக்கு வந்தது. எழுதிய வரிகளில்தான் எங்கோ பிழை என்று அவள் மனத்துக்குள் தேடினாள்.

பேராசிரியர் எட்டிப் பார்த்து, மெஷின் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்துவிட்டதா என்று கேட்டார். அடுத்த மேசையில் சிரித்தார்கள்.

அவள் பக்கத்தில் நின்ற தம்பி சிரிக்கவில்லை. ஹார்டு டிஸ்க்கின் விளக்கு அணையாமல் எரிவதையே பார்த்தான். அவள் காதோரம் குனிந்தான்.

"வீடு முழுக்க சாமானை ரொப்பிட்டக்கா. மெஷினுக்கு நிக்க இடமில்ல. தெருவுக்கும் வீட்டுக்கும் ஓடிட்டு இருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெமரியில் கொள்ளாதது டிஸ்க்குக்குப் போயிருக்கிறது. டிஸ்க் ஆமை.

ஆட்டத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துப் போடலாம் என்பது விதி. கடிகாரம் மட்டும் நிற்காது. அவளிடம் ஏழு நிமிடம் இருந்தது. மறுபடி ஏறி வர நாலு ஆகும். சேர்த்த அட்டவணை முழுக்க அழிந்தும் போகும்.

"மிச்ச மூணு நிமிஷத்துல தாக்குப்பிடிக்குமா?" என்றான் தம்பி.

"எழுதினவ நான்டா."

அணைத்தாள். திரை இருண்டு, மினுக்கி, வெளிச்சம் வந்தது. அட்டவணைக்கு எட்டு என்று தட்டினாள். பலகையில் இருந்த நிலையைத் தம்பி படிக்கப் படிக்க ஏற்றினாள்.

விநாடிக்கு இருபத்தொரு லட்சம்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு நகர்த்தல் கழித்து, புரோகிராம் தன் யானையை எதிரி ராஜாவின் முன் தூக்கிப் போட்டது. அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. திரை சொன்னபடி காயை வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். ராஜா யானையை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினார். பிறகு ராணி இந்தப் பக்கம் ஒரு செக், அந்தப் பக்கம் ஒரு செக். ராஜா இரண்டு கட்டங்களுக்கு நடுவே அல்லாடினார். ஒரே நிலை மூன்றாம் முறை வந்தது; அப்படி வந்தால் ஆட்டம் சமன். பேராசிரியர் தன் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

அவள் கடிகாரத்தில் பதினொரு விநாடி மிச்சம். நடுவர் தாளில் இருவருக்கும் அரைப் புள்ளி எழுதினார். கையெழுத்துப் போட அவள் பேனாவைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது.