லிஃப்டைப் பூட்ட வைத்தவர்

ஐந்து மாடி ஏறி வந்த கருத்துக்கணிப்புப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கட்டடத்து லிஃப்டை நேற்றுத்தான் ஆய்வாளர் வந்து பூட்டி சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார். எந்தப் புண்ணியவான் எழுதிப் போட்டானோ என்று மாடிக்கு மாடி வசவு.

அந்தப் புண்ணியவான் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த லிஃப்டின் மெக்கானிக்கே அவர்தான். பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவிடாமல், ‘சரியாக உள்ளது’ என்று மாதாமாதம் கையெழுத்து மட்டும் கேட்ட கம்பெனி மேல் பெயர் போடாமல் புகார் எழுதியிருந்தார். வேலை போனால் போய்த் தொலையட்டும். ஆனால் பெண்டாட்டி, ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டீங்களே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனிதர் தாங்கமாட்டார். மூன்று வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் அந்தப் பெண் பெண்டாட்டியிடம் கேட்பது காதில் விழுந்தது.

“அக்கா, வேலை செய்யுற இடத்துல நடக்குற தப்பை வெளியில சொல்றவங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேணுமா, வேண்டாமா?”

“மத்த வீட்டுல என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் வேணும்னுதான் சொன்னாங்க. லிஃப்டைப் பூட்ட வச்சவனை மட்டும் உதைக்கணுமாம்.”

மெக்கானிக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

“நல்லா இருக்கே நியாயம்! வேணும்னு போடும்மா. நாலு உசுரு தப்பிக்கட்டும்னு ஒருத்தர் வாயைத் திறந்தா, அவர் வயித்துல அடிக்கிறதா?”

அப்பாடா! உள்ளே மனிதர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார்.

“அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது.”

அந்தப் பெண் போனதும் அவர் தயங்கித் தயங்கி வெளியே வந்தார். “அந்தப் புகார்...”

“நீங்கதானே? லிஃப்ட் மெக்கானிக்கு மூணு வாரமா படியேறி வர்றார். முட்டி வலிக்காரி என்னையும் ஏற வச்சு, கண்ணுல படுறவங்களையெல்லாம் மறிச்சு, ‘நடந்து போங்க, உடம்புக்கு நல்லது’ன்னு உபதேசம் வேற! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற ஆளைப் பாரு. நல்லவேளை, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று வாரப் பாரம் இறங்கிய சுகத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம் ஏன் அந்தப் பொண்ணுகிட்ட தெரியாதுன்னே?”

“வேணுமான்னு இப்பத்தானே கேட்டுட்டுப் போறாங்க,” என்று அவள் கதவைத் தாழிட்டாள். “சட்டம் வர்ற வரைக்கும் எனக்கு யாரையும் தெரியாது.”